காய்ந்தால் தெரியும் நீலம்

“ஏளா, தள்ளு! பலகை வருது!”

திடுக்கிட்டுத் துள்ளினாள் ஜெபகனி. கிண்ணம் கவிழ்ந்தது. ஓவிய ஆசிரியர் பரீட்சைக்காக, திரேஸ்புரம் கரையில் காலையெல்லாம் உட்கார்ந்து கலந்த கடல் நீலம்... மணலோடு போயிற்று.

“யாரைப் பாத்து ஏளாங்கிதீய? எங்க ஊரு நாசரேத்துல எங்க அப்பாகூட அப்படிக் கூப்பிட்டதில்ல!”

தோளில் பலகையோடு நின்ற இளைஞன் பவுலின் கண்கள் அந்த மணலைவிட்டு நகரவில்லை.

“எங்க அண்ணன் தன் படகுக்குக் கலந்தானே, அதே நெறம்...” என்றான் மெல்ல.

ஆடிக் காற்றில் பாறையில் மோதிய படகு. அண்ணனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, உடைந்த விலாவோடு கரை ஒதுங்கியது. சனிக்கிழமை பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்ததும் மறுபடி கடலில் இறங்கப்போகிறது.

“அன்னைக்கு அம்மா வருவா. ஒடைஞ்ச எடம் எதுன்னு அவ கண்ணுக்குத் தெரியப்படாது... புதுப் பலகைக்கு இந்த நெறத்தைக் கலந்து தருவீயளா?”

‘ஏளா’ எங்கே போயிற்று? அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் கொண்டுவந்த பெயிண்டு டப்பாக்களைத் திறந்தாள். நீலத்தில் வெள்ளை, துளி மஞ்சள்... கடைசியில் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் நீலம்.

“கறுப்பா இருக்கே?”

“காஞ்சா வெளிறும். படிச்சவளுக்குத் தெரியாதா?”

மறுநாள் வந்தவள் விக்கித்து நின்றாள். அடிபட்ட தழும்பாகக் கறுத்திருந்தது பலகை! காய்ந்தால் வெளிறுவது அவள் பழகிய நீர்வண்ணம். இது எண்ணெய்ப் பெயிண்டு... காய்ந்தால் கறுக்கும்.

பவுல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை! மன்னிப்புக் கேட்க விடவில்லை, வீராப்பு. திரும்பி நடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, தூறலில் நனைந்தபடி வந்தாள். முந்தானைக்குள் ஏழு ஓட்டுத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு நீலம்.

“மன்னிச்சிருங்க. எல்லாம் காய வச்சுக் கொண்டாந்திருக்கேன்.”

பவுல் ஒவ்வொன்றாகப் படகின் மேல் வைத்துப் பார்த்தான். ஐந்தாவது துண்டு... படகோடு படகாகக் காணாமல் போயிற்று. தூறல் விட்டதும் அந்த நீலத்தையே பலகைக்குப் பூசினார்கள்.

சனிக்கிழமை. அம்மா படகை முன்னிருந்து பின்வரை தடவிக்கொண்டே நடந்தாள். புதுப் பலகைமேல் அந்தக் கை வந்தது... ஜெபகனி ஓரடி முன்னே வந்தாள். கை நிற்காமல் நகர்ந்து போயிற்று.

பவுல் ஜெபகனியருகே வந்தான். கண்கள் கலங்கியிருந்தன.

“அம்மாவுக்குத் தெரியல. ஆனா எனக்குத் தெரியும்... இதுவரை அந்த எடத்தைப் பாத்தா அண்ணன் போனது மட்டுந்தான் நெனப்பு வந்துச்சு. இனி நீங்க வந்ததும் வரும்.” தயங்கினான். “எங்கூடவே... இருப்பீயளா?”

அவள் தன் நகக்கண்ணில் இன்னும் ஒட்டியிருந்த நீலத்தைப் பார்த்தாள்.

“இருக்கேன்... ஆனா இந்த ‘இருப்பீயளா’ வேண்டாம். ஏளான்னே கூப்பிடுங்க.”