காயாத சிவப்பு

வியாழன், காலை ஒன்பது மணி. ஓவியர் தன் பட்டறையின் நடுவே மல்லாந்து கிடந்தார். பின்தலையில் காயம், இரும்பு மேசையின் முனையில் ரத்தம். இரண்டு தோள்களிலும் யாரோ அழுத்திப் பிடித்த தடம். முதலில் பார்த்துக் கூச்சல் போட்ட காவலாளி வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டருக்கு மூன்று நாளாகப் பல்வலி. தூக்கம் என்பதையே மறந்துவிட்டிருந்தார். இந்தச் சமயம் பார்த்துச் செத்தவரையும், சாகடித்தவரையும் மனதுக்குள் ஒருசேரத் திட்டிக்கொண்டார்.

"எப்போ போயிருப்பார் டாக்டர்?"

"ஏசி முழுசா ஓடிட்டிருக்கு. திங்கள் ராத்திரியா இருக்கலாம், நேத்து சாயங்காலமா இருக்கலாம். அடிச்சுச் சொல்ல முடியாது."

மரச்சட்டத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு படம் நின்றது. உருவம் எதுவும் இல்லை. பழுப்பு, சிவப்பு, பழுப்பு, சிவப்பு என்று மேலிருந்து கீழாகப் பட்டைகள் மட்டும். ஓரிடத்தில் ஏதோ குறுக்கே இழுத்திருந்தது. அங்கே சிவப்பு கலைந்து, பக்கத்துப் பழுப்பின் மேல் ஈஷியிருந்தது.

பத்தரை மணி. ஓவியரின் மனைவி ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர். கணவரைப் பிரிந்து இரண்டு வருஷம். புதன் சாயங்காலம் வேலைக்கு வந்தபோது பட்டறை வாசலில் இவரைப் பார்த்ததாகக் காவலாளி சொல்லியிருந்தான்.

"எதுக்கும்மா போனீங்க?"

"திங்கக்கிழமை மூணு மணிக்கு, இன்னைக்குப் போட்டதுன்னு அந்தப் படத்தை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை பேசாத மனுஷன். ரெண்டு நாள் யோசிச்சுட்டுப் போனேன். பெல் அடிச்சேன், திறக்கல."

போட்டோவில் எல்லாப் பட்டையும் முழுசாக இருந்தது. கலைசல் இல்லை.

"மூணு மணிக்கே முடிச்சிட்டாரா?"

"ஒரு படத்தை ஒரே நாள்ல போட்டுடுவார். நடுவுல நிறுத்தினா கை மாறிடும்பார். சிவப்பு முன்னால வரும், பழுப்பு பின்னால போகும், பார்க்கிறவங்க கண்ணு ஓயவே கூடாதுன்னு மாத்தி மாத்தி வைப்பார். ஒன்பது வருஷமா இதேதான்." கைக்குட்டையை மடித்தார். "கடைசியில அவர் கண்ணுதான் ஓய்ஞ்சு போச்சு."

ஏட்டு உள்ளே வந்து இன்ஸ்பெக்டரின் காதைக் கடித்தார். "பெரிய ஐயா போன் சார். சாயங்காலத்துக்குள்ள இந்தம்மாவை உள்ள வைக்கணுமாம்."

பதினொன்றரை மணி. ஓவியரின் தம்பி வந்தார். அண்ணனின் படங்களை விற்றுக் கொடுப்பவர். அவருடைய காரின் பின்சீட்டில் சுருட்டிக் கிடந்த சட்டையை ஏட்டு எடுத்து வந்து மேசையில் விரித்தார். முழங்கையில் பளீரென்ற சிவப்பு.

"பெயிண்ட் சார்," என்று தம்பி சிரித்தார். "திங்கக்கிழமை அஞ்சு மணிக்குப் போனேன். ஈரமா இருக்கிறது தெரியாம இடிச்சிட்டேன். அண்ணன் அந்தத் திட்டு திட்டினார். அன்னைக்கு ராத்திரியே வெளியூர் கிளம்பிட்டேன், இன்னைக்குக் காலையிலதான் வந்தேன்."

படத்தில் கலைசலும் இருக்கிறது, சட்டையில் கறையும் இருக்கிறது, பேச்சும் பொருந்துகிறது. கேட்க வேறென்ன இருக்கிறது?

மதியம் இரண்டு மணி. யோசிக்க அல்ல, அமைதியாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரத்தான் இன்ஸ்பெக்டர் மறுபடி பட்டறைக்குப் போனார். கொஞ்ச நேரம் படத்தையே வெறித்தார். பிறகு எழுந்து பழுப்பில் விரலை வைத்தார். ஒன்றும் ஒட்டவில்லை. சிவப்பில் வைத்தார். விரல் சிவந்தது.

ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, அங்கேயே உட்கார்ந்திருந்த டீச்சரைக் கேட்டார்.

"எண்ணெய் வண்ணம் சார். அந்தப் பழுப்பு ஒண்ணு ரெண்டு நாள்ல காய்ஞ்சிடும். அந்தச் சிவப்பு ஒரு வாரத்துக்கு மேல இழுக்கும்."

மூன்று மணி. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். தம்பியோ கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"திங்கள் அஞ்சு மணிக்கு இடிச்சீங்க. போட்டு முடிச்ச கொஞ்ச நேரம். ரெண்டு நிறமும் ஈரம். சரியா?"

"ஆமா சார்."

"அப்போ சட்டையில பழுப்பு எங்கே?"

தம்பி சட்டையைப் பார்த்தார்.

"படத்துல பழுப்புப் பட்டை மேலயே உங்க கை இழுபட்டிருக்கு. சிவப்பு அதுமேல ஏறியிருக்கு, ஆனா அடியில பழுப்பு இம்மி நகரல. நீங்க இடிச்சப்ப அது காய்ஞ்சிருந்தது. அது திங்கக்கிழமை இல்ல. வெளியூர்ல இருந்ததாச் சொல்ற நாள்ல நீங்க அந்த ரூம்ல இருந்தீங்க."

தம்பியின் கால் தானாகக் கீழே இறங்கியது.

"கண்காட்சிக்கு நாப்பது படம் ஒத்துக்கிட்டு வந்திருந்தேன் சார். நேத்து மத்தியானம், இனிமே பட்டையே போட மாட்டேன், அலுத்துப்போச்சுன்னு சொன்னார். பிடிச்சு உலுக்கினேன். அவர் என்னைப் படத்து மேல தள்ளினார். நான் திருப்பித் தள்ளினேன்."

"படம் போடாம என்ன பண்ணப்போறேன்னு சொன்னார்?"

"அண்ணிகிட்டயே போயிடறேன்னார்."

நான்கு மணி. இன்ஸ்பெக்டர் டீச்சருக்கு எதிரே உட்கார்ந்தார். வெறுமனே வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் வந்தார். அவருக்கு இருந்த அசதிக்கு அதுவே பெரிய வேலை.

"நீங்க போகலாம்மா. கொழுந்தன் ஒத்துக்கிட்டார்."

டீச்சர் எழவில்லை. "ஏன் செஞ்சான்?"

சொல்லாமல் விட்டால் நீதிமன்றத்தில் நாலு பேர் முன்னால் கேட்பார். அதற்கு இது மேல் என்று பட்டது.

"உங்ககிட்ட திரும்பி வர்றதா இருந்தார்மா. அதைத்தான் நேத்து மத்தியானம் தம்பிகிட்ட சொல்லியிருக்கார்."

அவர் கைப்பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டார்.

"நான் சாயங்காலம் போனேன் சார். கதவைத் திறக்கலைன்னதும், நீ உள்ளேயே கிடந்து அழுகிப்போன்னு கத்திட்டு வந்தேன்."