அடியில் காற்று நின்ற கல்

சமையலறை வாசலிலிருந்து நாலாவது கல் 'டொப்'பென்றது. அவனுடைய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

முந்தின நாள் சாயங்காலம் அவனே பதித்த கல். இருபத்தாறு வருஷமாக ஊரார் வீட்டுக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டிய கை அது. கலவையில் கஞ்சத்தனம் பண்ணாமல் நாலு மூலைக்கும் தள்ளி, ரப்பர் சுத்தியலால் அமுக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, மறுநாள் காய்ந்ததும் கலவை பூசும் கரணையின் பிடியால் ஒவ்வொரு கல்லிலும் மூன்று தட்டுத் தட்டி, தரையோடு காதை ஒட்டிக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்காரரிடம் ஒப்படைப்பான். கலவை நிறைந்த கல் 'டொக்'கென்று கெட்டியாகப் பேசும். அடியில் காற்று நின்ற கல் டொப்பென்னும். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு 'டொக்கு மேஸ்திரி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மனைவியும் சும்மா விடமாட்டாள். "தரைக்குக் காது குடுக்குறதுல கால்வாசி எனக்குக் குடுத்திருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்" என்பாள்.

அவள் இப்போது மனநல மருத்துவமனையில், பெண்கள் வார்டில் இருக்கிறாள். இருபது நாளாகிறது. தரைக்குள் ஏதோ ஊர்கிறது என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், ஒரு மத்தியானம் அவனுடைய இரும்புச் சுத்தியலை எடுத்து ஏழு கல்லை உடைத்துப்போட்டாள். தடுக்கப் போன அவள் தம்பிக்கும் ஒரு அடி விழுந்தது.

"இன்னிக்கு என் கை. நாளைக்கு உங்க மண்டை, மாமா" என்றான் மைத்துனன், கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி. "ஆஸ்பத்திரித் தாள்ல கையெழுத்தைப் போடுங்க. அக்கா சம்மதம் வேணாமாம். புருஷன் போட்டாலே போதுமாம்."

போட்டான். வார்டு ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளை உள்ளே கொண்டுபோனார்கள். அவள் கத்தவில்லை. அடுப்பை அணைக்கச் சொல்கிற மாதிரி, திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "வீட்டுல தட்டாதீங்க. நீங்க தட்டித் தட்டித்தான் அதுக்கு வழி காட்டுறீங்க."

இன்னும் நாலு நாளில் டாக்டர்கள் கூடி உட்காருவார்கள். புருஷன் பொறுப்பேற்றுக் கூட்டிப்போகிறேன் என்றால் விட்டுவிட வாய்ப்பிருக்கிறது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அவள் திரும்பி வரும்போது தரை முழுசாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் வேலை விட்டு வந்த அலுப்போடு அந்த ஏழு கல்லையும் பதித்திருந்தான்.

நாலாவது கல்லை நெம்பி எடுத்தான். அடியில் கலவை அப்பியிருந்தது. கல்லின் முதுகுக் கோடுகூட அதில் அச்சாக விழுந்திருந்தது. விரல் நுழைய இடமில்லை. திரும்பப் பதித்தான்.

மறுநாள் அந்தக் கல் கெட்டியாகப் பேசியது. ஐந்தாவது டொப்பென்றது.

அதற்கும் மறுநாள் டொப்பென்ற கல், அவள் உடைக்காத கல். கூடத்தில் பதினோரு வருஷத்துக்கு முன்னால் பதித்தது. அவன் பாய் போடும் இடத்துக்கு மூன்று கல் தள்ளி. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜின் முனகல் நின்றபோது வீடு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஈர சிமெண்ட் வாடைக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை, வருஷக்கணக்கில் மூடிக் கிடந்த தண்ணீர்த்தொட்டியைத் திறந்தால் வருமே அந்த வாடை, கல் இடுக்கு வழியாக மெல்ல ஏறியது. காதைத் தரையில் வைத்தான். மூன்று தட்டுத் தட்டினான்.

கீழேயிருந்து மூன்று.

கையை எடுத்திருக்கலாம். ஆனால் அது இருபத்தாறு வருஷத்துக் கை. ஒரு கல் முடிந்தால் அடுத்த கல்லுக்குப் போகிற கை. தானாகப் போயிற்று. தட்டிற்று.

அந்தக் கல்லுக்கு அடியிலிருந்தும் மூன்று.

அன்றிலிருந்து அவன் படுக்கவில்லை.

"வீட்ல நிஜமாவே சத்தம் ஏதாவது வருதாங்க?" என்று கேட்டார், நாலாம் நாள் மருத்துவமனையில் மேஜைக்குப் பின்னால் நடுவில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா. இரண்டு பக்கமும் ஒவ்வொருவர்.

"வருதும்மா. நானும் கேட்டேன். அவ சொன்னது அத்தனையும் உண்மை. விட்டுடுங்கம்மா, நான் கூட்டிட்டுப் போயிடறேன்."

பேனா நின்றது. "தூங்கி எத்தனை நாளாச்சு?" அத்தனை அன்பான குரல். "உங்களுக்கு நெருங்கின சொந்தம் யார் இருக்காங்க?"

பக்கத்திலிருந்தவர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். அவளைச் சேர்க்க அவன் கையெழுத்துப் போட்டானே, அதே மாதிரித் தாள். நோயாளியின் பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. வெளியே பெஞ்சில் மைத்துனன் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தான்.

"இல்லம்மா... அவமேல இருக்கிற பாசத்துல உளறிட்டேன். சத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அப்போ அவங்களுக்கு மட்டும்தான் கேக்குது?"

தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை எழுதிக்கொண்டார்கள். இன்னும் மூன்று மாதம் அவள் உள்ளே இருக்க வேண்டும் என்றார்கள். தாள் இழுப்பறைக்குள் போயிற்று.

அவளிடம் அவனே சொல்லட்டும் என்று அனுப்பினார்கள். நர்ஸ் கம்பிக்கதவைத் திறந்து அவனை உள்ளே விட்டுப் பூட்டினாள். நீள அறை. இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள். பினாயில் வாடை. கட்டில் விளிம்புகளில் பெண்கள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக் கட்டிலில் அவள், சன்னலைப் பார்த்தபடி. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

நடந்தான். மூன்று மாதம் என்பதை எந்த வாயால் சொல்வது?

பின்னால் கட்டில் கிரீச்சிட்டது.

திரும்பினான். அவன் தாண்டி வந்த முதல் இரண்டு கட்டில்களிலும் இருந்தவர்கள் காலை மேலே இழுத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நடந்தான். கிரீச். அடுத்த இரண்டு.

யாரும் அவனைப் பார்க்கவில்லை.

நின்றான்.

கிரீச் நிற்கவில்லை. இன்னும் இரண்டு. இன்னும் பக்கத்தில்.

"சிஸ்டர்... கதவைத் திறங்க."

"அஞ்சு நிமிஷம் இருக்கு, பேசிட்டு வாங்க" என்றாள் நர்ஸ், கம்பிக்கு வெளியே, எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

மனைவி திரும்பினாள். அவள் பார்வை அவன் முகத்துக்கு வரவில்லை. அவன் குதிகாலுக்குப் பின்னால், தரையில் நின்றது.

"அசையாதீங்க" என்றாள்.

சொல்லிவிட்டு ஒரு காலைத் தரையிலிருந்து எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். பிறகு இன்னொன்றை.

அந்த நீள அறையில் இப்போது தரையைத் தொட்டுக்கொண்டிருந்தவை இரண்டே கால்கள். இரண்டும் அவனுடையவை.