பஞ்சுத் திண்டில் ஒரு வளையம்

நாற்பத்தாறாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய். டெலிவரிக்காரன் தன் அண்ணனுக்குத் தர வேண்டியதாக முந்தின நாள் மாலை கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தொகை அது. அண்ணன் தைத்து அடுக்கி வைத்திருந்த நூற்றிருபத்தைந்து சீருடைகள், ஒன்று முந்நூற்றெழுபது வீதம். அத்தனையும் கரிக்கட்டையாகிவிட்டன.

"நான் எரிக்கல சார். ஆனா என் பேட்டரிதான் எரிச்சது" என்றான், தீயணைப்பான் கடையின் ஸ்டூலில் உட்கார்ந்தபடி. "நாளைக்குள்ள பணம் வரலன்னா வண்டியை வித்துக் கொடுக்கணுமாம். வண்டி போனா என் வேலையும் போச்சு."

கடைக்காரரை ஊரே சிலிண்டர்க்காரர் என்றுதான் கூப்பிடும். முப்பது வருடம் தீயோடு மல்லுக்கட்டியவர். குரல் உயராது. பக்கத்தில் ஆறு கிலோ தீயணைப்புச் சிலிண்டருக்குப் பவுடர் நிரப்பிக்கொண்டிருந்தவன் அவருடைய மச்சினன். தூக்குவது, இறக்குவது, துடைப்பது எல்லாம் அவன் வேலை. ஆனால் உள்ளே நுழைகிற எவனும் அவனைப் பார்த்து, "பெரியவர் இல்லையா?" என்றுதான் கேட்பான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரியும்.

டெலிவரிக்காரன் நடந்ததைச் சொன்னான். நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு முற்றத்தில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் பேட்டரி குபீரென்று பற்றிக்கொண்டது. வீட்டிலிருந்த சிலிண்டரால் அவன் பவுடர் அடித்து அணைத்தான். உடனே சிலிண்டர்க்காரருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டான். அவர் சொன்னது முற்றத்தில் நின்ற எல்லோர் காதிலும் விழுந்தது.

"பவுடர் சுவாலையைத்தான் அமுக்கும், உள்ளே சூடு அப்படியே இருக்கும், தண்ணி டப்புல மூழ்க வை, நாளைக்கு வரைக்கும் வெளியே எடுக்காதே, எடுத்தா மறுபடி பத்தும்னு சொன்னீங்க. மண்வெட்டியால தள்ளி டப்புக்குள்ள போட்டேன் சார். பத்து மணிக்கு வேலைக்குப் போயிட்டேன். ஒரு மணிக்குச் சாப்பிட வந்தேன். ஒன்றரைக்கு, அதே முற்றத்துல இருக்கிற அண்ணன் தையல் ரூம் வாசல்ல அதே பேட்டரி எரியுது! நான்தான் கொண்டுவந்து போட்டேன்னு அண்ணன் சத்தியம் பண்ணுறார்."

"வா மாப்ளே" என்று எழுந்தார் சிலிண்டர்க்காரர். மச்சினன் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஓடினான். இந்த முறையாவது தான் முந்த வேண்டும் என்பது அவன் ஆசை.

தையல் அறை நீளமானது. வாசலருகே துணி அடுக்கு இருந்த இடம் கரிந்து கிடந்தது. உள்சுவரோரம் இருந்த மெஷின் தப்பியிருந்தது. அதற்கு மேல் ஆணியில் குண்டூசி குத்தி வைக்கும் பஞ்சுத் திண்டு தொங்கியது. எல்லாவற்றின் மேலும் மை பூசியதுபோலக் கரி.

மச்சினன் குனிந்து தரையைக் காட்டினான். "மாமா, இங்க பாருங்க! டப்புல இருந்து இந்த வாசல் வரைக்கும் வெள்ளை வெள்ளையாச் சொட்டு."

"அது என் சாக்கட்டித் தூள்" என்றார் தையல்காரர். தம்பியை விடப் பத்து வயது மூத்தவர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"சாக்கட்டி உதிரும், சொட்டாது. பவுடர் கரைஞ்ச தண்ணிதான் சொட்டிக் காயும்" என்றார் சிலிண்டர்க்காரர். "நல்லாப் பார்த்தே மாப்ளே. ஆனா பேட்டரியை யாரோ டப்புல இருந்து தூக்கி வந்தாங்கன்னுதான் இது சொல்லுது. யாருன்னு சொல்லல."

மச்சினனின் முகம் சுருங்கிவிட்டது.

"ஐயா, நேத்து என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் சிலிண்டர்க்காரர்.

"மெஷின்ல உட்கார்ந்திருந்தேன். வாசல்ல புகை. கையில கிடைச்ச சிலிண்டரோட வெளியே தாவினேன். அங்க நின்னு அதோட பூட்டுப் பின்னைப் புடுங்கி அடிச்சேன். அணைஞ்ச மாதிரி இருந்துச்சு, மறுபடி சீறிட்டு வந்துச்சு. புகையில மூச்சு முட்டிச்சு. அப்புறம் தீயணைப்பு வண்டி வந்து தண்ணியா ஊத்தித்தான் அடங்குச்சு."

"அதுக்கப்புறம் உள்ளே வந்தீங்களா?"

"இல்ல. இப்ப உங்களோடதான் வர்றேன்."

"புடுங்கின பூட்டுப் பின் எங்க?"

"அந்த அவசரத்துல யாருக்குத் தெரியும்?"

சிலிண்டர்க்காரர் உள்சுவருக்குப் போனார். பஞ்சுத் திண்டில் ஊசிகளுக்கு நடுவே தடித்த கம்பி ஒன்று குத்தியிருந்தது. அதன் முனையில் வளையம்: சிலிண்டரின் பூட்டுப் பின். மெதுவாக உருவினார். திண்டு முழுக்கக் கறுத்திருக்க, வளையம் படிந்திருந்த இடத்தில் மட்டும் சிவப்புத் துணி புதுசுபோல வட்டமாகத் தெரிந்தது.

"புகை வர்றதுக்கு முன்னாடியே இது இங்க இருந்திருக்கு. தீயைப் பார்த்துப் புடுங்குறவன் பின்னைத் தூக்கி எறிவான். உங்க கைக்குத் தையல் பழக்கம் ஐயா. கூரா எது கிடைச்சாலும் திண்டுலதான் குத்தும். தீ வரப்போகுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

தம்பி அண்ணனைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல" என்றார் சிலிண்டர்க்காரர். "உழைச்சுத் தைச்ச துணியை எந்த மனுஷன் தானே எரிப்பான்?"

அது மச்சினனுக்குப் புரிந்தது. யாரும் சொல்லித் தராமலே புரிந்தது. "எரிக்கறதுக்கு இல்ல மாமா. அணைக்கறதுக்கு."

தையல்காரர் தலை நிமிர்ந்தார். பிறகு ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"காலையில இருந்து தெருவே அவன் பேரைத்தான் பாடுச்சு. 'தம்பி இல்லன்னா வீடே போயிருக்கும்.' எதிர்வீட்டு அக்கா எங்கிட்டயே வந்து சொல்லுது. இருபத்தஞ்சு வருஷமா இந்தத் தெருவுக்குத் துணி தைக்கிறேன், என் பேரை ஒருத்தரும் உரக்கச் சொன்னதில்ல. வெளியே எடுத்தா மறுபடி பத்தும்னு அவன் போன்ல நீங்க சொன்னதைக் கேட்டேன். நானும் ஒருதடவை அணைச்சுக் காட்டலாம்னு... ஒரு சிலிண்டர் போதும்னு நினைச்சேன். இவருதான் சொன்னாரு." அவர் விரல் மச்சினனை நோக்கியது.

எல்லோரும் திரும்பினார்கள். இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கறுத்த துணிக் குவியல் கண்ணெதிரே கிடந்தது.

"சொன்னேன்" என்றான் மச்சினன். "நேத்து பதினொரு மணிக்கு சிலிண்டர் வாங்க வந்தாரு. நீங்க கடையில இல்ல மாமா. இவரு 'பெரியவர் இல்லையா'ன்னு கேட்டாரு. பேட்டரிக்குப் போதுமான்னும் கேட்டாரு. எந்த நெருப்பும் அடங்கிடும்னு அடிச்சு விட்டேன்."

சிலிண்டர்க்காரர் அவன் பக்கம் திரும்பினார். "பேட்டரி பத்தினா ஆளுங்களை வெளியேத்து, தீயணைப்பு வண்டியைக் கூப்பிடு, தூர நின்னு முடிஞ்ச மட்டும் தண்ணி ஊத்து. இதை நாளையிலிருந்து கடைக்கு வர்றவங்ககிட்ட நீதான் சொல்லப்போற. நான் பவுடர் நிரப்புறேன்."

திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது மச்சினனுக்கு.

டெலிவரிக்காரன் அண்ணன் முன்னால் போய் நின்றான். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே உன் கையில சிலிண்டரைக் கொடுத்து, எங்க அண்ணன்தான் அணைச்சாருன்னு சொல்லியிருப்பேனே."

"அதுதான்டா எனக்குப் பிடிக்கல" என்றார் தையல்காரர்.

வாசலில் தெருவே கூடியிருந்தது. அவர் எழுந்து போய்ப் படியில் நின்றார். நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"தம்பி எனக்கு ஒரு பைசா தர வேண்டியதில்ல. தீ என்னால வந்தது."

"என்னங்க? காதுல விழலையே" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

தையல்காரர் மூச்சை இழுத்து, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னார்.