அணைக்காத கணினி

நோர்மாவின் நாற்காலி சூடாக இருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி. உட்கார்ந்த பிறகுதான் ஹேமாவுக்கு அது உறைத்தது. இந்த மேசையில் வேலை பார்த்த நோர்மா இறந்து மூன்று மாதம் ஆகிறது.

வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே மழை. அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லை. காலையிலேயே பாயான் பாருவில் இருக்கும் வீட்டிலிருந்து வந்து, அந்த உம்ரா புனிதப் பயண அலுவலகத்தின் கணினிகளில் பிடிஎஃப் திறக்கும் மென்பொருளை ஒவ்வொன்றாகப் புதுப்பித்ததில் கண் எரிந்தது, முதுகு விட்டுப்போயிருந்தது. பழைய மென்பொருளில் ஓட்டை. எவனோ அனுப்பும் கோப்பு ஒன்றைத் திறந்தால் போதும், வெளியாள் உள்ளே புகுந்து பயணிகளின் பாஸ்போர்ட் நகல்களை அள்ளிவிடுவான். அப்படி நடந்தால் கணினிகளைப் பராமரிக்கும் ஹேமாவின் வேலையும் போய்விடும். மிச்சம் நோர்மாவின் கணினி ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும்போதே முதலாளி ஷேக் அலாவுதீன் சொல்லியிருந்தார். “அத மட்டும் ஆஃப் பண்ணாதம்மா. பாஸ்வேர்டு நோர்மாவோடயே போச்சு லா. அதான் நாங்க அணைக்கறதே இல்ல.”

“பாஸ்வேர்ட நான் மாத்திக் குடுக்கறேன் அண்ணே. ரீஸ்டார்ட் பண்ணாம ஓட்டை அடைபடாது.”

ஆண்கள் பள்ளிவாசலுக்கும் பெண்கள் சாப்பிடவும் போய்விட்டார்கள். ஹேமா புதுப்பித்து முடித்து, கணினியை அணைத்து மீண்டும் இயக்கினாள். மழைச் சத்தத்துக்கு அடியில் கணினியின் விசிறி இழுத்து இழுத்து மூச்சுவிட, நோர்மா எப்போதும் நெற்றியில் தடவும் தலைவலித் தைலத்தின் வாசனை எங்கிருந்தோ கிளம்பி மேசையைச் சுற்றிக் கனத்தது.

திரை பாஸ்வேர்டு கேட்டது. ஹேமா விசைகளைத் தொடவில்லை.

கட்டத்தில் ஒரு புள்ளி விழுந்தது. இன்னொன்று. நிதானமாக. கணினி திறந்துகொண்டது.

வெற்றுக் கோப்பு ஒன்று விரிந்தது. எழுத்துகள் வந்தன.

*ஓட்டைய அடைச்சிட்டியே ஹேமா.*

ஹேமா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். எழ முயன்றாள். கால் வரவில்லை.

*நான் வந்து போற வழி அது ஒண்ணுதான். இனி எங்க போவேன்?*

கணினியின் மின் வயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது. அப்பாடா என்றிருந்தது.

வயரைப் பிடித்திருந்த விரல் நுனி குளிர்ந்தது. பிறகு முழங்கை. தோள். தொண்டை.

கதவு திறந்தது. நனைந்த குடையோடு அலாவுதீன். “முடிஞ்சுதாம்மா ஹேமா?”

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து அழ வேண்டும் போலிருந்தது. வாய் தானாகத் திறந்தது.

“முடிஞ்சுது முதலாளி” என்றது நோர்மாவின் குரல்.

அலாவுதீன் வாசலிலேயே நின்றார். அவர் காலடியில் குடை சொட்டிக்கொண்டிருந்தது. ஹேமா அவரைப் பார்த்துச் சிரித்தாள், நிறுத்த முடியாமல்.