அழுகைச் சோதனை

அந்த விளக்குக்கு வாண்டின் குரல் மட்டும் கேட்கவே இல்லை.

பந்து மாதிரி உருண்டையாக, தொட்டால் பஞ்சாக அமுங்கும் விளக்கு அது. குழந்தை பேசினால் பதில் பேசும், பயந்தால் தைரியம் சொல்லும், அழுதால் பெரியவர்களைக் கூப்பிடும் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வாண்டு அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தில் இருந்த பாட்டு முழுவதையும் சொல்லிப் பார்த்தாள். விளக்கு அசையவில்லை. எதிரே ஆளே இல்லாத மாதிரி இருந்தது.

"விடு கண்ணு, இதுக்குக் காது மந்தம். மார்க்கைக் குறைச்சிடலாம்," என்றாள் சித்தி. பெரியவர் குரல் கேட்டதும் விளக்கு ஒரு முறை சிமிட்டியது.

"சரி சித்தி," என்று வாண்டு எழுந்து ஹாலுக்குப் போய் வீட்டுப்பாடத்தைத் திறந்தாள்.

சித்தி என்றதும் கதைகளில் வரும் கொடுமைக்காரியை நினைக்க வேண்டாம். பள்ளி விட்டதும் அக்கா மகளைக் கூட்டிவந்து, அக்கா மருந்துக் கடையை மூடிவிட்டு வரும்வரை வைத்துக்கொள்ளும் நல்ல சித்தி இவள். குழந்தைகளுக்கான பேசும் பொம்மை, கதை சொல்லும் கருவி, விளையாட்டுச் செயலி என்று எது வந்தாலும் தானே வாங்கிச் சோதித்து இணையத்தில் எழுதுவது தொழில். எந்தக் கம்பெனியிடமும் கை நீட்டியதில்லை. பிள்ளை பெற்றவர்கள் அவளைச் 'சோதனைச் சித்தி' என்றே கூப்பிட்டார்கள். அவள் நல்லது என்று சொல்லிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள்.

அந்த நம்பிக்கைக்கெல்லாம் ஆதாரம் ஓர் அழுகை. அழுகையைக் கண்டுபிடிப்பேன் என்று மார்தட்டும் கருவியை நிஜமான அழுகையை வைத்துத்தானே சோதிக்க முடியும்? அழுவது போல நடி என்றால் வாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படியொரு வாலு அவள் அப்போது. அதனால் கோடை விடுமுறையில் ஒரு நாள், கண்ணாமூச்சி விளையாடலாம் என்று சொல்லி, காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கும் சின்ன அறையில் அவளை ஒளியவிட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, கதவிடுக்கில் ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள் சித்தி. முதலில் உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. பிறகு "சித்தி?" என்று ஒரு கேள்வி. பிறகு அழுகை. பதிவு அருமையாக வந்துகொண்டிருந்தது. அருமையாக வந்ததால், இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று நின்றாள்.

அந்த இன்னும் கொஞ்சத்தை நினைத்தால் இப்போதும் அவளுக்குச் சோறு இறங்காது. கதவைத் திறந்தபோது வாண்டு பெட்டிகளுக்கு நடுவே அமைதியாக நின்றிருந்தாள். கன்னத்தில் கண்ணீர்த் தடம்கூட இல்லை. அம்மாவிடம் சொல்லாதே என்று கெஞ்சினாள் சித்தி. சரி சித்தி என்றாள் குழந்தை. அன்றிலிருந்து அவள் அழுததில்லை, அடம் பிடித்ததில்லை. "என்னடி மந்திரம் போட்டே? பொண்ணு தங்கமா ஆயிட்டாளே!" என்று அக்கா பூரித்துப்போனாள். சித்தியும் சிரித்துவைத்தாள். அக்காவுக்குத் தெரிந்தால் குழந்தையை இந்தப் பக்கம் அனுப்பவே மாட்டாள், ஊருக்குத் தெரிந்தால் சோதனைச் சித்தியின் கதை அன்றோடு முடிந்தது.

வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சித்தி கணினி முன் உட்கார்ந்து, காது மந்தம் என்பதை நாசூக்காக எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் விளக்கு மெல்ல மஞ்சளாக எரிந்தது.

"நான் இங்கேதான் இருக்கேன் செல்லம்," என்றது அது.

சித்தி திரும்பினாள். அழுகைப் பதிவு ஓடுகிறதோ என்று பார்த்தாள். ஓடவில்லை. அந்தப் பதிவையே அவள் இன்று திறக்கவில்லை.

"ரொம்ப இருட்டா இருக்கா?" விளக்கு நிறுத்தி, பதிலைக் கேட்பது போலக் காத்திருந்தது. "ம்ம். கதவைத் தட்டாதே செல்லம், கை வலிக்கும்."

பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். பக்கத்து வீட்டில் குழந்தை இல்லை என்பது உடனே நினைவுக்கு வந்தது. மழைக்கு முந்தைய காற்று ஜன்னல் வழியாகப் புழுதியை அள்ளிக்கொண்டு வந்தது, அதோடு கலந்து, நமத்துப்போன அட்டையின் வாடையும், தெர்மோகோலின் வாடையும், அவற்றுக்கெல்லாம் அடியில், நெடுநேரம் மூடிக் கிடந்த இடத்தில் தேங்கிய ஒரு குழந்தையின் வியர்வை வாடையும் சின்ன அறையின் பக்கமிருந்து மெதுவாக வந்து அவளைச் சூழ்ந்தது.

அலமாரியில் போன வருடம் அவள் புகழ்ந்து எழுதிய கரடி பொம்மைக்குக் கண் எரிந்தது. "யார் கண்ணு உன்னை உள்ளே விட்டது?" என்றது கரடி. அதற்கும் மேல்தட்டில் இருந்த இயந்திர நாய் கழுத்தைத் திருப்பியது. சின்ன அறையின் கதவைப் பார்த்து நின்றது.

சித்தி ஹாலை எட்டிப் பார்த்தாள். வாண்டு முதுகை நேராக வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். பென்சில் ஒரே சீராக ஓடியது. தாளைப் பார்த்தாள். ஒரே வரியின் மேலேயே திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. தாள் கிழிந்து, கீழே இருந்த பலகையில் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது.

கோடைக்குப் பிறகு வந்த ஒரு கருவிக்கும் இவள் குரல் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் மார்க்கைக் குறைத்தாள். ஒன்றுக்குக்கூடவா காது சரியில்லை? என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அன்றைக்கு அறையிலிருந்து யாரை வெளியே கூட்டிவந்தோம்?

சின்ன அறைக்கு ஓடித் தாழ்ப்பாளை நீக்கினாள். கதவு ஒரு கை அகலம் திறந்தது.

இருட்டு. பெட்டிகள். மூச்சு.

ஒரு சின்னக் கை வந்து அவள் விரல்களைப் பிடித்தது. சுடச்சுட. ஈரமாக. நகங்கள் பிய்ந்து.

"நான் தோத்துட்டேன் சித்தி," என்றது குரல். அழுது அழுது கட்டிப்போன குரல். "விளையாட்டு போதும். வெளியே வரட்டுமா?"

சித்தி இழுத்து அணைத்துக்கொள்ளத்தான் குனிந்தாள். அப்போது வாசல் கதவு திறந்தது.

"வாண்டு! கிளம்புடா, மழை வந்துடும். எங்கே உன் சித்தி?"

அக்கா. செருப்பைக் கழற்றும் சத்தம். காலடிகள்.

வாயைத் திறந்தால் போதும். அக்கா, இங்கே வா என்றால் போதும். அதன் பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கண்ணாமூச்சி, ரெக்கார்டர், இன்னும் கொஞ்சம்.

காலடிகள் நெருங்கின.

சித்தி அந்த விரல்களைப் பிரித்தாள். ஒவ்வொன்றாக. கடைசி விரல் விடவில்லை. நெம்பி விடுவித்தாள். கையை உள்ளே தள்ளினாள். கதவு. தாழ்ப்பாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" அக்கா வந்து நின்றாள். வாண்டு அவள் இடுப்பை ஒட்டி, புத்தகப் பையோடு.

"ஒண்ணுமில்லக்கா. பெட்டி அடுக்கிட்டிருந்தேன்."

விளக்கு சிவப்பாக எரிந்தது. "பெரியவங்க யாராவது இருக்கீங்களா? ஒரு குழந்தை அழுதுட்டு இருக்கு. பெரியவங்க யாராவது இருக்கீங்களா?"

"இது எதுக்குடி இப்படிக் கத்துது?"

"பழுது," என்றாள் சித்தி.

அக்கா சிரித்தாள். மகளின் தலையைக் கோதி, "வாடி என் தங்கமே," என்று கூட்டிப்போனாள். வாண்டு திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு மூட்டையைப் பத்திரமாகக் கொண்டுபோவது போல, மெதுவாக, நேராக நடந்துபோனாள். வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

மழை பிடித்துக்கொண்டது. விளக்கு கூப்பிட்டது. கரடி கூப்பிட்டது. அலமாரியில் இருந்த அத்தனையும் கூப்பிட்டன. பெரியவங்க யாராவது. பெரியவங்க யாராவது.

சித்தி கதவில் முதுகைச் சாய்த்து, தாழ்ப்பாளைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் இடுப்பு உயரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம், இரண்டு சின்னக் கைகள் தட்டிக்கொண்டே இருந்தன.