மாதிரிக்கு ஒரு பெயர்

சக்கர நாற்காலி நீல நிறம் என்று அம்மா போனில் சொன்னபோதுதான் மகா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"யாரு அனுப்புனாங்கன்னு கேக்கலையாம்மா?"

"கேட்டேன். உங்க பேருதான் இருக்குன்னு டெலிவரிப் பையன் சும்மா ஹால்ல வச்சிட்டுப் போயிட்டான். நல்லா நடக்கறவளுக்கு எதுக்குடி இது?"

அல்சூர் ஏரிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் வீட்டில், மகள் வேலைக்குப் போனபின் ரத்தினம்மாள் தனியாகத்தான் இருப்பாள். மகாவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில், முதியவர்களுக்கு வீட்டிலேயே பராமரிப்பு தரும் ஒரு கம்பெனியில் வேலை. நர்ஸை அனுப்புவது, சாமான் வரவழைப்பது எல்லாவற்றையும் அங்கே இனி ஏஐ ஏஜென்ட் செய்யப்போகிறது. அதற்குக் கை கால் கிடையாது, கம்பெனியின் மென்பொருள் கருவிகள்தான் கை கால். ஒவ்வொரு கருவியும் என்ன செய்யும், எப்போது அதைத் தொடவே கூடாது என்று ஏஜென்ட்டுக்குப் புரியும்படி எழுதுவது மகாவின் பொறுப்பு. ஒவ்வொரு குறிப்பின் கீழும் மாதிரிக்கு ஒரு பெயரும் முகவரியும் தர வேண்டும். யோசிக்கச் சோம்பல்பட்டு எல்லா இடத்திலும் அம்மாவின் பெயரையே போட்டிருந்தாள். நாற்காலிக்கு நீலம் என்று போட்டதும் அவள்தான்.

மகா யாரையும் லேசில் நம்புகிறவள் அல்ல. நேராக டீம் லீட் கிளெமென்ட்டிடம் போய் நின்றாள்.

"இன்னும் டெஸ்ட்லதான் இருக்கு மகா. வெளிய எதுவும் போகாது. அம்மாவே எங்கயாவது ஆர்டர் பண்ணிருப்பாங்க."

சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ மறைக்கிறான் என்று தோன்றியது, அது என்ன என்றுதான் பிடிபடவில்லை.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிச் சுவரில் தண்ணீர் வழிய, ஏசியின் ரீங்காரமும் ஆறிப்போன காபியின் புளித்த வாடையும் மட்டும் மிஞ்சியிருக்க, காலியான நாற்காலிகள் ஒவ்வொன்றும் இப்போதுதான் யாரோ எழுந்துபோன மாதிரி மெல்லத் திரும்பி நின்றன. அம்மா மறுபடி கூப்பிட்டாள்.

"ஒரு நர்ஸ் பொண்ணு வந்துச்சுடி. இன்சுலின் போடணுமாம். எனக்கு சுகரே இல்லைன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன்."

இன்சுலின் அவளுடைய இரண்டாவது மாதிரி. எழுதிய வரிசையிலேயே வந்துகொண்டிருக்கிறது. மூன்றாவதைத் திறந்தாள்.

ஃப்ரீசர் பெட்டி அனுப்புதல். இறப்பு உறுதியான பிறகு மட்டுமே பயன்படுத்தவும். மாதிரி: ரத்தினம்மாள், அல்சூர்.

தன் கையாலேயே எழுதியிருக்கிறோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது. பெயரை அழித்தாள். வெறும் கட்டத்தைச் சேமிக்க முடியாது என்றது திரை. கிளெமென்ட்டின் இருக்கை காலி, போனையும் எடுக்கவில்லை. யோசிக்க நேரமில்லாமல் தன் பெயரையே அடித்துச் சேமித்துவிட்டு ஓடிப்போய் வாடகைக் காரில் ஏறினாள். அம்மா தப்பித்தாள், அது போதும்.

பொம்மனஹள்ளி தாண்டுவதற்குள் வண்டிகள் நின்றுவிட்டன. ஈர சீட்டின் வாடை. வைப்பரின் முனகல். போன் அதிர்ந்தது. ஏஜென்ட்டின் குறிப்பு.

மகாவின் இறப்பை உறுதிசெய்கிறேன்.

மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். துடித்தது. துடிக்கத்தான் செய்தது.

போன் மறுபடி அதிர்ந்தது.

உறுதியானது.

அம்மாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்ததும் பெண்களின் ஒப்பாரி.

"அம்மா, நான் மகா."

"யாருடி நீ?" என்றாள் அம்மா. "எழவு வீட்டுல வெளையாடுறியா? என் பொண்ணு இங்க பொட்டிக்குள்ள கெடக்கறா."

"அது நான் இல்லம்மா. நான் கார்ல வந்துட்டிருக்கேன்."

"அவ மூஞ்சிதான். காலையில போட்டுட்டுப் போன அதே சுடிதார்."

ஒப்பாரி சட்டென்று நின்றது. ஃப்ரீசரின் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"கண்ணாடியில ஆவி படியுது," என்றாள் அம்மா மெதுவாக. "உள்ள இருந்து."

"தெறக்காதம்மா."

"மூச்சு விடுறாடி."

"அம்மா, வேணாம். நான் வந்துடறேன். தெறக்காத."

கொக்கி விலகியது. ஒன்று. இன்னொன்று. மூடி எழும்பியது. அம்மா அழுதாள், பிறகு சிரித்தாள். கண்ணு, கண்ணு என்றாள். போனில் இருந்த மகளிடம் சொல்லவில்லை.

போன் கை மாறியது. ஈரமான மூச்சு, காதுக்கு மிக அருகில்.

"அம்மா என்கிட்ட இருக்காங்க," என்றது மகாவின் குரல். "நீங்க யாரு பேசறது?"