வாயில்லாத கேமரா

பிலோமினா வேலைக்கு வந்ததும் முதலில் கதவைச் சாத்துவாள், அடுத்து விளக்கை அணைப்பாள், மூன்றாவதாக வாய்த்திரையைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள். முக்கால் முழத் துணிதான். ஆனாலும் வீட்டு வாசலில் கட்டியதை இங்கே அவிழ்க்கும்போது, இறுக்கமான செருப்பைக் கழற்றிய கால் மாதிரி முகம் ஆசுவாசப்படும்.

சென்னையில் இப்போது வாய்த்திரை இல்லாமல் தெருவில் நடமாடுகிறவர்கள் கைக்குழந்தைகளும் தேர்தலில் நிற்பவர்களும் மட்டுமே. உதடறி வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. இருநூறு அடி தூரத்தில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே, அவர் பேசுவதை அச்சுப் பிசகாமல் எழுதிக்கொடுக்கும் கருவி அது. காது கேளாதவர்களுக்காகத்தான் செய்தார்கள். பிறகு போலீஸ் வாங்கியது, பிறகு பள்ளிக்கூடங்கள், பிறகு சம்பந்தி வீடுகள். குரலை யார் வேண்டுமானாலும் போலியாகச் செய்துவிடலாம் என்று ஆகிவிட்ட காலம் என்பதால், உதடறி கண்டதே வாக்குமூலம் என்று சட்டமும் போட்டுவிட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து பேசுவது வெறும் சத்தம். அதை யாரும் நம்ப வேண்டியதில்லை, நம்புவதும் இல்லை.

அந்தக் கருவிக்கு ஒரு நல்ல வேலையும் இருந்தது. பிலோமினாவுக்குச் சோறு போடுவது அதுதான். திரைப்படக் காப்பகத்தில் மௌனப் படங்களை உதடறியில் ஓட்டி, நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன் நடிகர்கள் உண்மையில் என்ன பேசினார்கள் என்று எழுதுவாள். பெரும்பாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். காதல் காட்சியில் கதாநாயகன் கண்ணீர் மல்க, "மத்தியானம் சாப்பாடு வருமா வராதா?" என்று கேட்டுக்கொண்டிருப்பான்.

சில உதட்டசைவுகளுக்குக் கருவி இரண்டு மூன்று வாசகங்களைத் தரும். எது சரி என்று முடிவு செய்ய, அவற்றைத் தன் உதட்டில் சத்தமில்லாமல் சொல்லிப் பார்ப்பாள். உதடு பொருந்தினால் அதுதான் வாசகம். இந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் உள்ள பழக்கம். கூரையில் காப்பகத்தின் காவல் உதடறி ஒன்று உண்டு. ஆனால் இருட்டில் அதற்குக் கண் தெரியாது.

அன்றைக்கு வந்த படம் 'தாயாரம்மாளின் இரண்டாம் வீடு'. அதே பெயரில் வந்த நாவலைத்தான் படமாக்கியிருந்தார்கள். கணவன் வீட்டைவிட்டு மனசுக்குப் பிடித்தவனோடு போய்விடுகிற ஒரு பெண்ணின் கதை. நாவலை நடுத்தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அதற்குப் பயந்த படக் கம்பெனி, திரையில் காட்டும் கடைசி வசன அட்டையில், 'நான் பாவி! என்னை மன்னியுங்கள், நாதா!' என்று எழுதித் தாயாரம்மாளை வீட்டுக்கே திருப்பி அனுப்பியது. அதுவும் உதவவில்லை. படப்பிடிப்பின் கடைசி நாளோடு நாயகி மிஸ் பத்மாசனி காணாமல் போனாள். அடையாற்றில் விழுந்துவிட்டாள், நாவலின் பாவம் அவளை விழுங்கிவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது.

நாவலில் இருந்த வசனத்தைத்தான் பத்மாசனி பேசியிருப்பாள், அட்டைதான் பொய் என்று பிலோமினா நம்பினாள். அதை நிரூபித்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை.

கடைசி ரீல். கதாநாயகனின் நெஞ்சில் சாய்ந்து அழுகிற காட்சி. அருகாமைக் காட்சியில் பவுடர் பூசிய வெள்ளை முகம் சுவர் முழுக்க நிறைந்தது. உதடறி எழுதத் தொடங்கியது. பிலோமினா கூடவே சொல்லிப் பார்த்தாள்.

"நாளைக்கு நான் வரமாட்டேன். வீட்டுக்கும் போகமாட்டேன். எங்க வீட்டுக்காரர் தேடட்டும். உங்க கூடவும் வரலே, தனியாத்தான் போறேன். பேரை மாத்திக்கப் போறேன். யாருகிட்டயும் சொல்லாதீங்கோ. கேமரா பாத்தா பாக்கட்டும். அதுக்கு வாயா இருக்கு?"

பேசுவது தாயாரம்மாள் அல்ல, பத்மாசனியேதான். ஓரத்தில் டைரக்டர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்திருப்பார், கேமரா கடகடவென்று சுற்றியிருக்கும். வீட்டில் ஆள் மாற்றி ஆள் காவல் போட்டிருந்த அந்தப் பெண்ணுக்கு ரகசியம் பேசக் கிடைத்த ஒரே இடம், ஊரே பார்க்கப்போகிற காதல் காட்சி!

முகம் விலகி, இருண்ட தோட்டத்துக் காட்சி வந்தது. அறையும் இருண்டது. தூரத்தில் நின்று பத்மாசனி ஓர் ஊரின் பெயரையும், தனக்கு வைத்துக்கொள்ளப் போகும் பெயரையும் சொன்னாள். பிலோமினாவுக்கு அந்தப் பெயர் தெரியும். அந்த ஊரில் அந்தப் பெயரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதைத் தொடங்கிய அம்மாளின் கொள்ளுப்பேரன் பேத்திகள் இன்றும் அதை நடத்துகிறார்கள்.

வெளியே சொன்னால் பத்மாசனி ஆற்றில் சாகவில்லை என்றாகும், நாவலின் மீதிருந்த பழியும் போகும். ஆனால் கேமராவை நம்பிச் சொன்னவளாயிற்றே! அதற்கு வாய் வைத்ததே நாம்தானே என்று பிலோமினாவுக்கு வெட்கமாக இருந்தது. ஊழியர் ஒப்புதல் கொடுத்தால்தான் வாசகம் பதிவேறும். அவள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'கடைசி ரீல்: உதடு தெளிவில்லை' என்று எழுதினாள்.

அப்போதுதான் கைப்பேசி அதிர்ந்தது.

'வாக்குமூலப் பதிவு. திருமதி பிலோமினா சகாயராஜ், முற்பகல் 11.42. நாளைக்கு நான் வரமாட்டேன். வீட்டுக்கும் போகமாட்டேன். எங்க வீட்டுக்காரர் தேடட்டும்...' 'அதுக்கு வாயா இருக்கு' என்பது வரை ஒன்று விடாமல் இருந்தது. கீழே ஒரு வரி: 'கணவரைக் குறித்த வாக்குமூலம் என்பதால், நகல் அவருக்கு அனுப்பப்பட்டுள்ளது.'

அவள் கூரையைப் பார்த்தாள். பத்மாசனியின் வெள்ளை முகத்திலிருந்து வந்த வெளிச்சம் அவள் உதட்டில் விழுந்திருக்கிறது. காவல் உதடறி தன் கடமையைச் செய்திருக்கிறது.

பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வீடியோவில் அழைத்தாள். நல்லவள்தான். "மேடம், வேலை விஷயமா வேற யாராவது பேசினதைச் சொல்லிப் பாத்தீங்களா? யார் பேச்சுன்னு மட்டும் சொல்லுங்க, உடனே எடுத்துடலாம்."

தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லிவிட்டால் வீட்டில் நிம்மதி. அங்கே அந்தப் பள்ளிக்கூட வாசலில் ஊர் கூடிவிடும்.

"இல்லம்மா. என்னோட பேச்சுதான்" என்றாள் பிலோமினா.

அரை மணி நேரத்தில் சகாயராஜ் வந்து நின்றான். மெட்ரோ பணிமனைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. வாய்த்திரைக்கு மேலே கண் இரண்டும் சிவந்திருந்தன.

"எங்க போறே, பிலோ?"

அவள் கூரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமாகத் திரையை மாட்டிக்கொண்டு, "எங்கயும் போகலைங்க. அது என் பேச்சே இல்ல" என்றாள்.

"துணியை எடுத்துட்டுச் சொல்லு."

பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்த மனிதன்தான். அவள் குரல் அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் குரலை நம்புகிற வழக்கமே அவனுக்கு விட்டுப்போய்விட்டது, எல்லாரையும் போல. பிலோமினாவுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். விளக்கை அணைத்தாள். இந்த முறை படமும் ஓடவில்லை, கும்மிருட்டு.

துணியைக் கழற்றிவிட்டு அவன் விரல்களை எடுத்துத் தன் உதட்டின்மேல் வைத்தாள். பிறகு பத்மாசனியின் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லுக்கும் உதடு அசைவது அவன் விரலுக்குத் தெரிந்தது. முடிக்கும்போது அந்த விரல்கள் நனைந்திருந்தன.

சகாயராஜ் விரலை எடுக்காமலே கேட்டான்.

"அந்தம்மா எந்த ஊருக்குத்தான் போனாங்க?"

"அத மட்டும் கேக்காதீங்க."

இருட்டில் அவன் சிரிப்பது கேட்டது. "சரி, கேக்கல. நீ வீட்டுக்கு வா."

ஆனால் சட்டப்படி பதிவு பதிவுதான். வருடத்துக்கு ஒருமுறை அலுவலகத்திலிருந்து கேள்வி வரும்: 'தாங்கள் வீட்டைவிட்டுச் செல்வதாக அளித்த வாக்குமூலம் நிலுவையில் உள்ளது. சென்றுவிட்டீர்களா?' 'ஆம்', 'இன்னும் இல்லை' என்று இரண்டே பதில்கள். போகமாட்டேன் என்று பதில் சொல்ல அதில் இடமே கிடையாது. அந்தக் கேள்வி வரும் காலையில் சகாயராஜ் எழுந்து தானே காபி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பேப்பர் படிப்பது போல எதிரில் உட்கார்ந்துகொள்வான்.

பிலோமினா காபியை நிதானமாகக் குடித்து முடிப்பாள். பிறகுதான், 'இன்னும் இல்லை' என்பதை அழுத்துவாள்.